மண்ணில் பழகி, மெத்தையில் மோதி... கோலாப்பூரின் குட்டிப் பயில்வான்கள்!

கோலாப்பூர் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மகாலட்சுமி கோயில். அடுத்து, கடை கடையாகத் தொங்கும் தோல் செருப்பு. சாப்பாட்டுப் பிரியர்களுக்குத் தாம்ப்டா ரஸ்ஸா, பாண்ட்ரா ரஸ்ஸா எனும் சிவப்பு, வெள்ளை மட்டன் குழம்புகள். இவற்றை முடித்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறவர்களே அதிகம். கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் ஒரு விடியற்காலை நடந்து பாருங்கள். இருட்டு விலகும் முன்பே, பூட்டிய கடைகளுக்கு நடுவே ஏதோ ஒரு பழைய கட்டடத்திலிருந்து மட்டும் 'தொம்... தொம்...' என்று சத்தம் வரும். மண்ணில் உடம்புகள் விழும் சத்தம் அது. அங்கே இருப்பது ஒரு தாலிம், அதாவது மல்யுத்தப் பள்ளி.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் திருப்பதியிலிருந்து ஹரிப்ரியா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் மறுநாள் சாயங்காலம் கோலாப்பூர். பெருமாள் ஊரையும் தாயார் ஊரையும் இணைக்கும் ரயிலுக்கு லட்சுமியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! இறங்கும் நிலையத்தின் பெயரில் சாஹு மகாராஜ் இருக்கிறார். 1902-லேயே தன் சமஸ்தானத்து வேலைகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 50 சதவிகித இடஒதுக்கீடு தந்த அதே அரசர்தான். கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்க விடுதிகள் கட்டிக்கொடுத்தவரும் அவரே. அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது, மல்யுத்தம். ஐரோப்பா போனபோது ரோம் நகரத்து அரங்கைப் பார்த்துவிட்டு வந்தவர், ஊர் நடுவே காஸ்பாக் மைதானத்தைக் கட்டினார். 1912-ல் திறந்தது. பெரிய கிண்ணம் போன்ற அமைப்பு. சரிவில் எங்கே உட்கார்ந்தாலும், நடுவில் இருக்கும் செம்மண் மேடை மறைக்காது. நாங்கள் போனபோது போட்டி எதுவும் இல்லை. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது, படிகளில் பாசி. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டிய இடம்.

தங்கிப் படிக்க விடுதி, தங்கி மோத தாலிம். இரண்டையும் ஒரே யோசனையின் இரண்டு பக்கங்களாகத்தான் எனக்குப் பார்க்கத் தோன்றியது. கங்காவேஷ், மோதிபாக், சாஹுபுரி என்று பேட்டைப் பெயர்களில் இருக்கும் இந்தத் தாலிம்களுக்குச் சோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, பெல்காம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தகரப் பெட்டியும் படுக்கையுமாக வந்துவிடுகிறவர்கள் உண்டு. 1959-ல் முதன்முதலாக 'ஹிந்த் கேசரி' பட்டம் வென்ற ஸ்ரீபதி கஞ்சனாலே இப்படி வெளியூரிலிருந்து வந்து கோலாப்பூரில் உருவானவர்தான்.

எங்களை உள்ளே விட்ட தாலிமில் குருவை 'வஸ்தாத்' என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தாத்தா காலத்தில் ஊர் முரடனை 'பெரிய வஸ்தாது' என்பார்களே, அதே சொல்! பயில்வான், தண்டால் எல்லாம் அவர்களுக்கும் நமக்கும் பொது. சொற்கள் நம்மிடம் வந்து தங்கிவிட்டன. சொல்லுக்குரிய மண் இங்கே இன்னும் ஈரமாக இருக்கிறது.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயலில் வெட்டிக் கொட்டிய மண் அல்ல அது. செம்மண்ணைச் சலித்துக் கல், வேர் நீக்கி, மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு, மோர், எண்ணெய், காவிப்பொடி எல்லாம் கலந்து பதப்படுத்துகிறார்கள். அருகில் போனால் அடுப்படி வாசனையும் மழை வாசனையும் சேர்ந்து அடிக்கிறது. மோதலுக்கு முன் மண்ணைக் கிளறிவிடுவதே ஒரு பயிற்சி. சின்னப் பையன்கள் மண்வெட்டியோடு இறங்கி, குழி முழுவதையும் புரட்டிப் போடுகிறார்கள். தோளும் இடுப்பும் அங்கேயே பாதி தயாராகிவிடுகிறது. செருப்பை வாசலிலேயே விட்டு, ஓரத்திலிருக்கும் அனுமாருக்கு ஒரு கும்பிடு, மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒரு தீற்றல். அப்புறம்தான் தொடை தட்டல். மோதுவதற்கு முன் எதிராளியின் மேல் ஒரு கைப்பிடி மண்ணைத் தூவுகிறார்கள். வியர்வையில் வழுக்காமல் பிடி கிடைப்பதற்காக. 'என்னைப் பிடித்துக்கொள்' என்று எதிரிக்கே வசதி செய்துகொடுக்கும் விளையாட்டு!

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், அப்புறம் மோதல். பிறகு குளியல், சாப்பாடு, பள்ளிக்கூடம். சாயங்காலம் மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் பாதாமை அம்மியில் அரைத்துப் பாலில் கலக்கும் வேலை வேறு. சமையலுக்கு முறை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பையன் ரொட்டி தட்டிக்கொண்டே வரலாறு பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்க்க வேண்டிய காட்சி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாலையில் கங்காவேஷ் பக்கம் போனால் 'தூத் கட்டா' என்று ஒரு பால் திண்ணை இருக்கிறது. எருமைகளைத் தெருவோரம் நிறுத்தி, கண் முன்னே கறந்து, நுரையோடு டம்ளரில் தருகிறார்கள். பயில்வான், பேராசிரியர், பேத்தியோடு வந்த பாட்டி என எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். காய்ச்சாத பால் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்து, நாங்கள் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் மண். ஆனால், இந்தப் பிள்ளைகளின் சான்றிதழ் மண்ணில் இல்லை. சிக்கலே அங்கேதான்.

கிராமத்துத் திருவிழாக்களில் நடப்பது மண் மல்யுத்தம். ஹல்கி மேளம் அதிர, சின்னப் பையன்கள் சிறு தொகைக்கு மோதித் தொடங்கி, நேரம் ஆக ஆகப் பெரிய பயில்வான்கள் பெரிய தொகைக்கு இறங்குவார்கள். முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. அதுவரை மோதல் இழுத்துக்கொண்டே போகலாம். ஜெயித்தால் தலைப்பாகை, பணம், ஊர்ப் பேச்சு. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளோ மேட் எனும் விரிப்பில் நடக்கின்றன. மராட்டியில் அதை 'காதி' என்கிறார்கள், அதாவது மெத்தை. தாலுகா, மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிப் போனால்தான் தேசியப் போட்டி. அங்கே கிடைக்கும் காகிதம்தான் கல்லூரிக்கும், மகாராஷ்டிர அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 5 சதவிகித ஒதுக்கீட்டுக்கும் வழி. திருவிழாவில் நூறு பேரைச் சாய்த்த கதையை வேலைக்கான விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது?

மெத்தை என்பது தரை மட்டும் மாறும் சமாச்சாரமில்லை. ஆட்டமே வேறு. 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். சர்வதேச விதிப்படி 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு நிமிடம், அரை நிமிட ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம். வட்டத்துக்கு வெளியே காலை வைத்தாலே எதிராளிக்கு ஒரு புள்ளி. கீழே தள்ளி அடக்கினால் இரண்டு. ஃப்ரீஸ்டைலில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. மண்ணில் நிமிர்ந்து நின்று, எதிராளியைக் களைக்க வைத்து, பொறுமையாகச் சாய்த்துப் பழகிய பையன், மெத்தையில் சுதாரிப்பதற்குள் அவன் கால் எதிராளியின் கையில் இருக்கும். மண் உடம்பை வளர்க்கிறது, மெத்தை கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது. அதனால் இந்தத் தாலிமில் காலையில் மண், மாலையில் மெத்தை. போட்டி நெருங்கும்போது மண் வாரத்துக்கு இரண்டு நாள்தான். மெத்தைப் பயிற்சிக்கு விசிலும் ஸ்டாப்வாட்ச்சுமாக ஓர் இளைஞர் வருகிறார். வஸ்தாத் ஓரத்தில் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிகிறது. ஆனாலும் தடுப்பதில்லை.

தடுக்க முடியாததற்கு ஒரு காரணம், சுவரில் அனுமாருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் படம். காஷாபா ஜாதவ். கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்தில் 1926-ல் பிறந்தவர். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மெத்தையில் மோதி, ஆறாவது இடம் பிடித்தார். மண்ணில் வளர்ந்தவருக்கு மெத்தை அங்கேதான் முதல் அனுபவம் என்பார்கள். நான்கு வருடம் விடாமல் பழகினார். அடுத்த ஒலிம்பிக்குக்கு முன் நம் மெட்ராஸில் நடந்த தேசியப் போட்டியில் ஒரு புள்ளி குறைத்துப் போடப்பட்டதாக முறையிட்டார். பட்டியாலா மகாராஜா தலையிட்டு மறு மோதல் நடந்தது, அதில் ஜெயித்தார். பயணச் செலவுக்கு ஊர்க்காரர்கள் வசூல் செய்தார்கள். கல்லூரி முதல்வர் தன் வீட்டையே 7,000 ரூபாய்க்கு அடகு வைத்தார்.

1952 ஹெல்சின்கியில் ஜப்பானிய வீரரோடு நீண்ட மோதலை முடித்த கையோடு, ஓய்வில்லாமல் சோவியத் வீரரோடு இறங்கச் சொன்னார்கள். விதிப்படி ஓய்வு உண்டு. ஆனால், அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. அப்படியும் வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அடுத்தது 1996-ல் லியாண்டர் பயஸ் வாங்கும்வரை 44 வருடம் அது தனியாகவே இருந்தது. ஜாதவ் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து பணியாற்றினார், 1984-ல் விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு வஸ்தாத் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? பதக்கத்தோடு நிறுத்துவதில்லை. "விதி புத்தகத்தை நீயே படித்துக்கொள், உனக்காகப் பேச அங்கே ஆள் இருக்காது" என்று இந்தியில் எங்களுக்கும் மொழிபெயர்த்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் விதிகள் வகுப்பு. எந்தப் பிடிக்கு எத்தனை புள்ளி, எப்போது மறு ஆய்வு கேட்கலாம் என்று கேள்வி பதில் நடக்கிறது. தப்பாகச் சொன்னால் இருபது பஸ்கி.

எங்களோடு வந்த மகள் எட்டாம் வகுப்பு. டேக்வாண்டோ கற்கிறாள். "நானும் குழிக்குள் இறங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். திண்ணையிலேயே உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகத்தான். மண்ணில் பெண்கள் இறங்குவது அங்கே வழக்கமில்லையாம். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் பிடிக்கவில்லை. சாயங்காலம் மெத்தையைப் பார்த்தால், பள்ளிச் சீருடையோடு நான்கு பெண் பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்! பத்தே நிமிடத்தில் ஷூவை இறுக்கிக்கொண்டு ஆஜர். பெண்களுக்கு மண் திறக்காத கதவை மெத்தை திறந்துவிட்டிருக்கிறது. 1961 முதல் நடந்துவரும் 'மகாராஷ்டிர கேசரி' போட்டி பெண்களுக்கென்று 2023-ல்தான் முதன்முதலாகப் பக்கத்து ஊரான சாங்லியில் நடந்தது. ஆண்கள் போட்டியில் இன்றும் மண்ணில் ஜெயித்தவரும் மெத்தையில் ஜெயித்தவரும் இறுதியில் மோதுவார்கள். பரிசு வெள்ளிக் கதாயுதம். மகளை அந்த நால்வரும் மெத்தைக்கு இழுத்துப் போய், மூன்று முறை கீழே போட்டார்கள். நான்காவது முறை அவள் ஒருத்தியின் காலைப் பிடித்துவிட்டாள். இரவு முழுக்க அதே பேச்சு.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். தாலிமுக்குள் போவதற்கு முன் அனுமதி கேளுங்கள். காலணி வாசலோடு. மோதலின்போது ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். திருவிழா மல்யுத்தம் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் போவது நல்லது. மழைக்காலத்தில் திருவிழாக்கள் ஓய்ந்து, பள்ளிப் போட்டிக்கான பரபரப்பு தொடங்கியிருக்கும். காஸ்பாக்கை ஒட்டிய கேசவராவ் போஸ்லே நாடக அரங்கம் 2024 ஆகஸ்ட்டில் தீவிபத்தில் எரிந்துபோனது, கோலாப்பூர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடுகிறது.

நாங்கள் கிளம்பிய அன்று, மாவட்டப் போட்டிக்கு மூன்று நாள் பாக்கி. எடை பார்க்கும் மெஷினைத் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 48 கிலோ பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பையன், ஜட்டியோடு ஏறி நின்றான். 48 கிலோ 400 கிராம். இறங்கி, மூச்சை முழுக்க விட்டு மறுபடி ஏறினான். அதே 400. அந்த நேரம் பார்த்து, சோலாப்பூர் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த அவன் அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு தூக்குச்சட்டி. அம்மா உருக்கிக் கொடுத்த எருமை நெய். மூடியைத் திறந்ததும் திண்ணை முழுக்க மணந்தது. பையன் சட்டியைப் பார்த்தான், வஸ்தாத்தைப் பார்த்தான்.

வஸ்தாத் எழுந்து போய்ச் சட்டியை வாங்கி, அனுமார் படத்துக்கு மேலிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பாவிடம் மராட்டியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த பையன் எங்களுக்கு இந்தியில் சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்து முடிந்ததும் முதல் ரொட்டிக்கு இதுதானாம்." அப்பா தலையாட்டிவிட்டு மெஷினில் தானும் ஒரு தடவை ஏறிப் பார்த்தார். மகன் தண்டாலுக்குப் போய்விட்டான்.