காலும் காலணியும்

ராஜகீழ்ப்பாக்கத்து இளைஞன் ஒருவன் நேர்முகத் தேர்வுக்கென வாங்கிய தோல் காலணி அவன் விரல்களை நெரித்தது. தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. தன் கால்தான் அகலம் என நாணியவாறே, தாம்பரத்தில் செருப்புத் தைக்கும் முதியவரிடம் சென்றான். அவர் காலணிக்குள் அச்சுக்கட்டையைச் செருகி, இரவு முழுவதும் வைத்திருந்தார்.

"தோல் அகலத்தில் இளகும், தம்பி, நீளத்தில் இளகாது. இனி மாலையில் வாங்கு. அப்போது கால் சற்றுப் பருத்திருக்கும்" என்றார்.

நம் கடைகளில் வழங்கும் அளவெண்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையைத் தழுவியவை. 1948இல் நிறுவப்பெற்ற, அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021-22இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரின் பாதங்களை அளந்தது. அவை ஐரோப்பியர் பாதங்களைவிட அகன்றவை எனக் கண்டது. இளைஞன் நாணியிருக்க வேண்டியதில்லை. அவன் காலை அளந்து அந்த எண் வகுக்கப்படவில்லை.