சேலையூரில் சகுந்தலை

ஐப்பசியில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவதில்லை. வெளிச்சம் மாலைவரை அதிகம் மாறாது. படம் வைக்கும் ஈசல் அங்கேதான். பார்த்து வரைவது ரவி வர்மாவின் சகுந்தலை, 1898. முள் எடுக்கிற சாக்கில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்ப்பவள்.

*

கட்டம் போட்டு உருவத்தை ஏற்றியாயிற்று. ஒரு காலைத் தூக்கி, உடம்பைத் திருகி நிற்கிறாளே, பாரம் எங்கே இறங்குகிறது? ஊன்றிய பாதத்தில் பாதி, தோழியின் தோளில் மீதி. தோழியை விட்டுவிட்டு அவளை மட்டும் தனித்தாளில் வரைந்து பார்த்தேன், விழப்போகிறவளாகத் தெரிந்தாள். கதைக்காக மட்டும் தோழியை அங்கே நிறுத்தவில்லை அவர். சின்ன வயதிலிருந்து காலண்டரில் பார்க்கும் படம். தோழியின் தோள் தாங்குவது கண்ணில் பட்டதே இல்லை.

*

அடிப்பூச்சு முழுக்க பர்ன்ட் அம்பர், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து. அம்பரில் மாங்கனீஸ் உண்டு, சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும். அதை அடியில் கொடுத்து மேலே சீக்கிரம் காய்கிற நிறத்தைப் பூசினால் பின்னால் வெடிக்கும். லின்சீட் எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. மேலடுக்குக்குப் போகப்போக எண்ணெய் கூட வேண்டும். ஐப்பசி ஈரத்தில் அவசரமே கூடாது.

*

தோல்: நிழல் மெலிசாக, வெளிச்சம் தடிப்பாக. நம் மாநிறத்தின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் கரி அப்பினதுபோல் செத்துவிடுகிறது. அம்பரோடு துளி மண்பச்சை போதும்.

*

எண்ணெய் வண்ணத்தை ரவி வர்மா எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. 1868-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். அதுவே பெரிய கொடை என்று இப்போது படுகிறது. எது முதலில், எது அதன்மேல் என்ற வரிசையை ரவி வர்மா கண்ணால் பார்த்துவிட்டார். நான் முடிந்த படத்தின் மேற்பரப்பை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறேன்.

*

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் இந்த அச்சு அசல் பாணியை விட்டு விலகியவர். ஆனால் சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்று, கை வந்த பிறகு விட்டார். அந்த வரிசைமுறையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

*

அடுத்து கழுத்துத் திருப்பம். கன்னத்தின் ஓரத்தை எங்கே பின்னணியில் கரைக்கிறார், எங்கே கூராக நிறுத்துகிறார்? அச்சில் எல்லா ஓரமும் ஒன்றுபோல இருக்கிறது. மூலம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். டிக்கெட் போட வேண்டும்.