வண்டிக் கணக்கு

ஏப்ரல் 14, 2025, மதுரை

சித்திரை முதல் நாளில் புதுக் கணக்கு எழுதும் வழக்கத்தை வீட்டுச் செலவோடு நிறுத்திக்கொள்ளாமல், வாசலில் நிற்கும் காருக்கும் தனியே ஒரு நோட்டுப் போட்டுவிட வேண்டும் என்று நெடுநாளாக இருந்துவந்த எண்ணம் இன்று நிறைவேறிற்று. கார் வைத்திருப்பதில் என்ன செலவு என்று யாரைக் கேட்டாலும் அநேகமாகப் பெட்ரோல் விலையைத்தான் சொல்வார்கள். பங்க்கில் நின்றுகொண்டு கையால் எடுத்துக் கொடுக்கும் பணம் அது ஒன்றே என்பதால், அது மட்டுமே மனத்தில் பதிகிறது.

ஆனால் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. 8 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு சிறிய கார், வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்குமானால், அது குடிக்கும் பெட்ரோல் 500 லிட்டர். லிட்டர் விலை 100 ரூபாயைச் சற்றே தாண்டி நிற்கும் இந்நாளில் அதற்கு ஆகும் தொகை ஏறத்தாழ 50,000 ரூபாய். அதே காரின் மதிப்போ, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அனுசரிக்கும் தேய்மான அட்டவணைப்படி, ஐந்தாம் வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. போன 4 லட்சத்தை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு 80,000 ரூபாய். சந்தை விலை இதற்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். எப்படியிருந்தாலும், வண்டியை எடுக்காமல் நிழலில் நிறுத்தி வைத்தாலும் கரைகின்ற இந்தத் தொகைதான் கணக்கில் மூத்த செலவு என்பதில் சந்தேகமில்லை. இதற்குப் பரிகாரம் ஒன்றுதான் இருக்கிறது: வாங்கிய வண்டியைப் பத்து, பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொள்வது. அடுத்த ஐந்து வருஷத்தில் இழப்பதற்கு மிச்சமிருப்பதே 4 லட்சம்தான். அது முழுவதும் போய்விடப் போவதுமில்லை.

மே 19

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வண்டியை என் மைத்துனர் ஓட்டினார். வாலிப காலத்தில் அம்பாசடர் ஓட்டித் தேறியவராதலால், இறக்கம் கண்ட இடமெல்லாம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, "அத்தான், இப்படியே விட்டா வத்தலக்குண்டு வரைக்கும் ஓசியிலேயே போயிரலாம்" என்று பெருமிதத்தோடு சொன்னார். அந்தக் காலத்துக் கார்ப்புரேட்டர் வண்டிகளுக்கு அந்தச் சாஸ்திரம் ஓரளவு பொருந்தியிருக்கக்கூடும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் விவகாரம் நேர் எதிரானது. கியரிலேயே இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருப்பதை உணர்ந்து, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்குத் தள்ளினாலோ, எஞ்சின் அணைந்துபோகாமல் இருப்பதற்காகவே மறுபடியும் பெட்ரோலை விட ஆரம்பிக்கிறது. ஆக, மலையிறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர் பெட்ரோலையும் செலவழித்து, எஞ்சின் தரும் இயற்கையான தடையையும் இழந்து, வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றின் மேலேயே ஏற்றுகிறார். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்து போனால், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மிச்சப்படுத்திய பெட்ரோலால் ஆகப்போவது என்ன?

மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனாலும் என் மனைவி பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தபின் இரண்டாம் கியருக்கு வந்தார்.

சமவெளியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வித்தைக்கு ரகசியம் எதுவுமில்லை. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும், சற்றுமுன் பெட்ரோல் கொடுத்து வாங்கிய வேகத்தை உஷ்ணமாக்கி வெளியே விடுகிறோம் என்ற நினைவு ஒன்று இருந்தால் போதும். தூரத்துச் சிக்னல் சிவப்பாக இருப்பதைப் பார்த்த பிறகும் ஆக்சிலரேட்டரை அழுத்திச் சென்று அதன் காலடியில் குத்தி நிறுத்தும் பழக்கம் தானே விட்டுப்போகும். உயர்ரகப் பெட்ரோல் என்று அதிக விலைக்கு விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: வண்டியோடு வந்த கையேடு அதைக் கேட்காதவரை, சாதாரண எஞ்சினுக்கு அது வீண் செலவு.

ஜூன் 8

டயருக்குக் காற்றடித்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் "முப்பத்தஞ்சு வச்சிரவா சார்?" என்று கேட்கும் பையனிடம் தலையாட்டுவதே நம்மில் பலரின் வழக்கம். காற்றுக் குறைந்த டயர் சாலையோடு அதிகமாக உரசிப் பெட்ரோலையும் தின்று தானும் சீக்கிரம் தேய்கிறது. நைட்ரஜன் அடிக்கக் காசு கேட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால் மறுத்துவிட்டேன்.

ஜூலை 3

வருஷாந்தர சர்வீஸுக்கு வண்டியை விட்டேன். வரவேற்பறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, மிகுந்த மரியாதையோடு ஒரு இளைஞர் நீட்டிய மதிப்பீட்டுத் தாளில், எண்ணெய் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் ஆகிய அவசியமான வேலைகளுக்குக் கீழே, எஞ்சின் கழுவும் திரவம், டீகார்பனைசிங், ஏசிக்குக் கிருமி நீக்கம், உள்ளலங்காரச் சுத்தம், அடிப்பாகத்துப் பூச்சு என்று ஒரு நீண்ட வரிசை இருந்தது. பூச்சை மட்டும் கடற்கரை ஊர்க்காரர்கள் யோசிக்கலாம். வைகையில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமாகிவிட்ட ஊரில் உப்புக்காற்றுக்கு எங்கே போவது? கையேட்டின் பின்பக்கங்களில், எத்தனை கிலோமீட்டருக்கு, அல்லது எத்தனை மாதத்துக்கு, என்னென்ன செய்ய வேண்டும் என்று வண்டியைச் செய்த கம்பெனியே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. அதைத் திறந்து மேஜைமேல் வைத்து, "தம்பி, இதில் இருப்பதை ஒன்று விடாமல் செய்யுங்கள், இல்லாததை எழுத வேண்டாம்" என்றேன். தாளின் கீழ்ப்பாதி அடிபட்டது. மரியாதை குறையவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. சிக்கனம் என்று கருதி எண்ணெய் மாற்றுவதையே தள்ளிப்போடுகிறார்கள். சில ஆயிரத்தை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே கழற்ற நேர்ந்தால், அதை லோபித்தனம் என்றுகூடச் சொல்ல முடியாது. லோபிக்காவது கையில் காசு தங்கும்.

ஆகஸ்ட் 17

தேசிய நெடுஞ்சாலைகளில் தனியார் கார்களுக்கு வருஷ பாஸ் முந்தாநாள் அமலுக்கு வந்திருக்கிறது. 3,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷம், அல்லது 200 முறை சுங்கச்சாவடியைக் கடப்பது, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. கடப்பதற்கு 15 ரூபாய் என்று கணக்குப் பார்த்துக் குதூகலிக்கிறார்கள். சாவடிக்குச் சராசரியாக 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 முறை கடப்பவருக்குத்தான் போட்ட முதல் திரும்பும். அதற்கும் குறைவாகப் பிரயாணம் செய்பவருக்கு அது நஷ்டமே. மாநில அரசின் சாலைகளில் அது செல்லுபடியாகாது. பாஸ் வாங்காதவர்கள், அதே சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போய்வருவதற்கு ஒன்றரை மடங்குக் கட்டணமே பிடிக்கப்படும் என்பதை நினைவில் வைத்து, புறப்படும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு இந்தப் பாஸ் வேண்டியதில்லை. தாம்பரத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்குச் சுமார் 450 கிலோமீட்டர், பெட்ரோலே ஒரு வழிக்கு 2,800 ரூபாய். நான்கு பேர் போனால் கார், நாங்கள் இருவர் மட்டும் போனால் ரயில் என்று வீட்டில் ஏற்பாடு.

அக்டோபர் 5

எதிர்வீட்டு நண்பர் வந்திருந்தார். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதாம். தீபாவளிக்குள் நான்கு வருஷத்துக் காரைத் தள்ளிவிட்டுப் புதிது எடுத்துவிடப் போகிறாராம். புதுக் கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அதைவிட, அவர் கண்வைத்திருந்த உயர்ந்த மாடலின் விலை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி, 2023 நவம்பருக்குப் பின், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். அதற்குமேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10 லட்சத்து 10 ஆயிரத்துக்கு 1,81,800 ரூபாய். விலையில் 20,000 ரூபாய் ஏற, வரியில் 53,100 ரூபாய் ஏறுகிறது. அந்த உயர்ந்த மாடலில் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"மேல சன்ரூஃப் இருக்கு சார்."

மதுரை வெயிலில் தலைக்குமேல் கூரையைத் திறந்துகொண்டு போகும் சௌபாக்கியத்துக்கு இவ்வளவு விலையா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆயினும் அவர் சிரித்துவிட்டார். இருக்கிற வண்டியையே இன்னும் சில வருஷம் ஓட்டுவது என்று முடிவாயிற்று. பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக 2022 ஏப்ரலில் உயர்த்திவிட்டார்களே என்று புறப்படும்போது ஒரு ஐயம் கிளப்பினார். புதுக் காருக்குக் கட்டவிருந்த வரிக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

டிசம்பர் 10

கல்யாண மண்டபத்து வாசலில் யாரோ பின்னுக்கு எடுத்ததில் முன்பக்கத்துப் பம்பர் உடைந்திருக்கிறது. "இன்ஷூரன்ஸ்ல போட்டுரலாம் சார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல" என்றார் பழுதுபார்ப்பவர். பாலிசியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பம்பர் விலை 4,000 ரூபாய் என்றால், பிளாஸ்டிக் பாகமாதலால் தேய்மானமாகப் பாதி கழியும். தனியே பிரீமியம் கட்டித் தேய்மானத்துக்கு விலக்குப் பெறும் வகைப் பாலிசி என்னுடையதன்று. மீதி 2,000 ரூபாயில், 1,500 சிசி வரையிலான கார்களுக்கு எப்போதும் நம் கையிலிருந்தே போகும் 1,000 ரூபாயைத் தள்ளினால், கம்பெனி தரப்போவது 1,000 ரூபாய்.

இதற்கு ஈடாக நான் கொடுப்பது என்ன? கிளெயிம் எதுவும் கேட்காத வருஷங்களுக்காக நம் வண்டியின் சேதத்துக்குக் கட்டும் பிரீமியத்தில் தரப்படும் நோ கிளெயிம் போனஸ் 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தை எட்டுகிறது. நான் உச்சப் படியில் இருக்கிறேன். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் எனக்குக் கிடைத்துவரும் சலுகை 5,000 ரூபாய். ஒரு தடவை கிளெயிம் கேட்டால் அடுத்த வருஷம் அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடியும் முதற்படியிலிருந்து ஏற வேண்டும். பம்பரைச் சொந்தச் செலவிலேயே மாற்றிக்கொண்டேன். இன்ஷூரன்ஸ் பெரிய விபத்துக்கு. கீறலுக்கும் நசுங்கலுக்கும் அதைத் தொடுவது புத்திசாலித்தனமன்று என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, காரின் சொந்தக்காரருக்கு உரியது. இதை அறியாமல் பழைய காரை விற்கும்போது அதையும் கோட்டைவிட்டு வருகிறவர்கள் ஏராளம். விற்றவுடன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு அதற்குரிய சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புதுக் காருக்கு அதைப் பயன்படுத்தலாம். புதுக் காருக்கான பாலிசியைக் கார் விற்பவரிடமே வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் சட்டத்தில் கிடையாது. இரண்டு மூன்று கம்பெனிகளில் விசாரித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

இந்தக் குறிப்புகளைப் படிப்பவர் எவராயினும், முதல் வேலையாகத் தம்முடைய பாலிசி முடிகிற தேதியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அந்தத் தேதி தாண்டி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்து வைத்த போனஸ் முழுவதும் ரத்தாகிவிடும்.