கடதாசி ஊரிலிருந்து ஒரு கடிதம்

சில்க்போர்க்,
டென்மார்க்.

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் முழங்கால் வலி இப்போது எப்படி? போன கிழமை பேசும்போது, "நீ இருக்கிற ஊரைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லையே" என்று குறைப்பட்டீர்கள். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை. வாழைச்சேனை கடதாசி ஆலையில் வேலை பார்த்த உங்களுக்கு இந்த ஊர் உடனே விளங்கும். இதுவும் கடதாசியால் பிறந்த ஊர்தான்.

யூலாந்தின் நடுவில், காடும் ஏரிகளும் சூழ்ந்த இடம் சில்க்போர்க். டென்மார்க்கின் மிக நீளமான ஆறான கூதனோ ஊருக்குள்ளால் ஓடுகிறது. 1844க்கு முன் இங்கே ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய கோட்டையின் இடிபாடும் ஒரு பண்ணையும்தான் இருந்தன. மிக்கேல் ட்ரெவ்சன் என்பவர் இந்த ஆற்றின் தண்ணீர் வேகத்தைப் பார்த்து 1844இல் ஆலையைக் கட்டினார். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கடதாசி வரத் தொடங்கியது. அவர் கடதாசி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். இன்று சந்தைச் சதுக்கத்தில் அவர் சிலையாக நிற்கிறார்.

உங்கள் ஆலைக்கு வண்டி வண்டியாக வைக்கோல் வந்து குவிந்ததைச் சொல்வீர்களே, இங்கே வந்தது கந்தல் துணி. மரக்கூழ் புழக்கத்துக்கு வரும் முன் ஐரோப்பாவில் பழந்துணியில்தான் கடதாசி செய்தார்கள். பெண்கள் உட்கார்ந்து கந்தலைத் தரம் பிரித்து, பொத்தானையும் தடித்த தையலையும் வெட்டியெடுப்பார்கள். பிறகு அதை அரைத்துக் கூழாக்க வேண்டும். அந்தத் தூசியில் நாள் முழுக்க இருந்த பெண்களுக்குச் சிலை இருப்பதாகத் தெரியவில்லை, மாமா. வைக்கோல் தூசியில் இருமி இருமி நீங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ரயில் வருமுன் சரக்குப் படகுகள் ரன்டர்ஸ் பட்டினத்திலிருந்து ஆற்றை எதிர்த்து வரும். கரையில் ஆட்களும் குதிரைகளும் கயிறு கட்டி இழுப்பார்கள். 1871இல் ரயில் வந்தது, படகுத் தொழில் படுத்துவிட்டது. ஆனால் அந்த இழுபாதையை அழிக்கவில்லை. மாலையில் நான் நடக்கப் போவது அதன் வழியாகத்தான்.

ஆலையைச் சுற்றிக் குடியிருப்பும் கடைகளும் வளர்ந்து, 1900இல் நகர உரிமை கிடைத்தது. இன்று நகரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் இருக்கிறார்கள். சுற்றூர்களைச் சேர்த்தால் ஒரு லட்சத்தை ஒட்டும். நம் சனமும் இந்தப் பக்கத்தில் உண்டு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் பலர் யூலாந்தின் சிறு நகரங்களில்தான் வேர் விட்டார்கள். பிராண்டே ஊரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாவுக்கு நாங்களும் போவோம்.

இந்த நாட்டுப் பண நோட்டுக்கான தாளும் நெடுங்காலம் இங்கேதான் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட ஆலையே 2000இல் மூடப்பட்டது. பழைய கட்டடங்கள் பலவற்றை இடிக்காமல் விட்டார்கள். அங்கே இப்போது விடுதியும் வீடுகளும் உணவகங்களும் இருக்கின்றன. அந்த இடத்துக்கு இன்னமும் "கடதாசி ஆலை" என்றுதான் பெயர். பழைய முறையில் தாள் செய்வதைக் காட்டும் ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

இந்த ஊர் எதையும் எளிதில் தொலைப்பதில்லை. 1861இல் ஏரியில் இறங்கிய 'யைலன்' என்ற நீராவிப் படகு கோடையில் இன்னமும் ஓடுகிறது. பக்கத்துச் சதுப்பில் 1950இல் முற்றா நிலக்கரி வெட்டியவர்கள் கண்டெடுத்த மனிதன் 2,400 வருடங்களுக்கு முன் செத்தவன். முகம் தூங்குகிற முகம் போலவே இருக்கிறது. கழுத்தில் கயிறு. அவனையும் இங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, நம் ஆலையின் கதையை யார் காப்பார் என்று உங்களைத்தான் நினைத்தேன். இலங்கையின் கிழக்கில் 1950களில் எழுந்தது உங்கள் வாழைச்சேனை ஆலை. எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்தது! எத்தனை பிள்ளைகள் அந்தத் தாளில் எழுதிப் படித்தார்கள்! போர் வந்த பிறகு அது பட்ட பாட்டை உள்ளே நின்று பார்த்தவர் நீங்கள். கூழ் எவ்வளவு நேரம் வேக வேண்டும், தாள் அறுந்தால் யார் ஓடிவருவார்கள், எந்தக் கிராமத்து வைக்கோல் நல்லது என்பதெல்லாம் உங்கள் தலைமுறையோடு போய்விடக் கூடாது.

அருங்காட்சியகத்தில் நானே சட்டத்தைக் கூழில் தோய்த்து எடுத்த தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கை வைத்துப் பாருங்கள். ஓரம் சீராக இல்லை, ஆலையில் நீங்கள் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆனாலும் அதிலேயே உங்கள் முதல் வேலைநாளை எழுதத் தொடங்குங்கள். மிச்சத்துக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். கை நடுங்கினால் நீங்கள் சொல்லச் சொல்ல மாமி எழுதட்டும். தை மாதம் நான் வரும்போது அந்தக் கொப்பி எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்