பாக்டீரியா தொப்பையில் ஒரு ஷாம்பு பாட்டில்!

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன ஃப்ரெண்ட் யாராவது இருக்காங்களா? பிக் பென் முன்னாடி நின்னு போட்டோ அனுப்பினது போதும், ஒரு நாள் வடக்கே பில்லிங்ஹாம் பக்கம் போயிட்டு வரச் சொல்லுங்க. 'அங்கே என்ன இருக்கு?'னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பீச் இல்லை, அரண்மனை இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸ்ல ஏறி டார்லிங்டன்ல இறங்கி, குட்டி ரயில் மாறி டீஸ் நதிப் பக்கம் வந்தா, ஒரு பக்கம் ஆயிரம் வருஷப் பழைய சர்ச் கோபுரம். இன்னொரு பக்கம் குழாய், குழாய், மறுபடி குழாய்!

முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செய்ய அரசாங்கம் பிடிச்சுப் போட்ட இடம் இது. போர் முடிஞ்சதும் அம்மோனியா, உரம்னு ரூட் மாறிடுச்சு. 1926-ல் ஐ.சி.ஐ. கம்பெனி பிறந்தப்போ, அதோட பெரிய கோட்டை இதுதான். 1931-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லி வந்து சுத்திப் பார்த்துட்டுப் போனார். அடுத்த வருஷம் வந்த அவரோட 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவல்ல இந்த ஊரோட சாயல் இருக்கு.

ஆனா நாம வந்தது நாவலுக்காக இல்லை... பிளாஸ்டிக்குக்காக. மண்ணுல போட்டா மக்கிப் போற பிளாஸ்டிக்!

அதே 1926-ல், பிரான்ஸ்ல மொரீஸ் லெமுவாங்னு ஒரு விஞ்ஞானி, ஒரு பாக்டீரியாவுக்குள்ளே இருந்து வித்தியாசமான ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தார். ஹைட்ராக்ஸிபியூட்ரிக் அமிலம் சங்கிலி சங்கிலியா கோத்த பாலிமர். சுருக்கமா பி.ஹெச்.பி. மேட்டர் என்னன்னா, அது அந்த பாக்டீரியாவோட தொப்பை! சாப்பாடு ஏகத்துக்கும் கிடைக்குது, ஆனா பெருக முடியலைன்னா, மிச்சத்தை இப்படிச் சேர்த்து வெச்சுக்கும். பஞ்ச காலத்துல எடுத்துச் சாப்பிடும். அதோட உலர்ந்த எடையில 80 சதவிகிதம் வரைக்கும் இந்தத் தொப்பையே இருக்கலாம். நம்மாளுங்க யாரும் கிட்டக்கூட வர முடியாது!

இந்த ஹைட்ராக்ஸிபியூட்ரிக் சமாச்சாரம் உங்களுக்கும் அந்நியம் இல்லை. ரொம்ப நேரம் விரதம் இருந்தா, உங்க கல்லீரல் கொழுப்பைக் கரைச்சு இதைத்தான் ரத்தத்துல விடும். சாப்பாடு கிடைக்காத மூளை இதை வெச்சு வண்டியை ஓட்டும்.

எழுபதுகள்ல பெட்ரோல் விலை எகிறினப்போ ஐ.சி.ஐ. ஆளுங்க இதைத் தூசி தட்டி எடுத்தாங்க. மெத்தனால்ல பாக்டீரியா வளர்த்து மாட்டுத்தீவனம் பண்றேன்னு இங்கே ராட்சசத் தொட்டி கட்டின அனுபவம் அவங்களுக்கு இருந்தது. (அந்தத் தீவனம், சோயா விலை முன்னாடி நிக்க முடியாம படுத்துடுச்சு.) தொட்டியில சர்க்கரையைக் கொட்டி பாக்டீரியாவைப் பெருக விட்டாங்க. அப்புறம் பாஸ்பேட் மாதிரி சத்தைக் கட் பண்ணினாங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் உரம் வித்த ஊர், பாக்டீரியாவுக்கு மட்டும் உரத்தை நிறுத்தித் தொப்பை போட வெச்சது!

சுத்தமான பி.ஹெச்.பி. அப்பளம் மாதிரி படக்குனு உடையும். அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. சர்க்கரையோட கொஞ்சம் புரோபியோனிக் அமிலம் கலந்து கொடுத்தா, பாக்டீரியாவே வேலரேட்டையும் சேர்த்துக் கோத்துத் தரும். பிளாஸ்டிக் வளையும். பேர் 'பயோபோல்'. 1990-ல் ஜெர்மனியில வெல்லா கம்பெனி இதுல ஷாம்பு பாட்டிலே போட்டது. பாத்ரூம் ஷெல்ஃப்ல பத்திரமா இருக்கும். மண்ணுக்குள்ளே போனா அங்கே இருக்கற பாக்டீரியா என்சைமை விட்டுக் கரைச்சு சாப்பிட்டுடும். இன்னைக்கு 'மக்கும்'னு விக்கிற பி.எல்.ஏ. கப்பெல்லாம் சூடான கம்போஸ்ட் ஆலைக்குப் போனாத்தான் ஒழுங்கா மக்கும். அந்த வகையில நம்ம ஓட்டு தொப்பை பார்ட்டிக்குத்தான்.

அப்புறம் ஏன் இன்னும் உங்க கையில பழைய பிளாஸ்டிக் பாட்டில்? விலை, பாஸ்! பாலிபுரொப்பிலீனைவிடப் பல மடங்கு. பெட்ரோல் விலை இறங்கினதும் கணக்கு உதைச்சது. பயோபோல் ஐ.சி.ஐ.யில இருந்து பிரிஞ்ச ஜெனிகாவுக்குப் போய், 1996-ல் மான்சான்டோ கைக்குப் போச்சு. அவங்க செடியிலேயே பிளாஸ்டிக் விளைய வைக்கப் பார்த்துட்டுக் கைவிட்டாங்க. 2001-ல் அமெரிக்காவோட மெட்டபாலிக்ஸ் வாங்கினது. ஜாதகத்துல ஏதோ கோளாறு போல! அமெரிக்காவுல இந்த வகை பிளாஸ்டிக் செஞ்ச டானிமர் கம்பெனி 2025 மார்ச்சுல திவால் மனு போட்டது. அதே வருஷம் ஜப்பான்ல ஸ்டார்பக்ஸ் கடைகள் பேப்பர் ஸ்ட்ராவைத் தூக்கிட்டு, கனேகா கம்பெனியோட பாக்டீரியா பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு மாறினது. தோத்துச்சா, ஜெயிச்சுச்சான்னு நீங்களே சொல்லுங்க.

பில்லிங்ஹாம்ல தெருவுல நடக்கறப்போ இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க. காலுக்குக் கீழே பழைய அன்ஹைட்ரைட் சுரங்கம் இருக்கு. 1983-ல் அதுக்குள்ளே அணுக்கழிவைப் புதைக்கறோம்னு ஒரு திட்டம் வந்தது. ஊரே கிளம்பி எதிர்த்தது. 1985-ல் திட்டத்தைச் சுருட்டிட்டாங்க. மக்காத குப்பைன்னா என்னன்னு இந்த ஊருக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை.

பயோபோல் பாட்டில் இப்போ கடையில கிடைக்காது. ஆனா பசிச்சா, சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸர்ல 'குவார்ன்' பாக்கெட் இருக்கும். பூஞ்சையைத் தொட்டியில வளர்த்துச் செய்யற சைவக் கறி. அதுவும் ஐ.சி.ஐ. தொட்டி வித்தையில பிறந்ததுதான், இதே பில்லிங்ஹாம்ல தயாராகுது. ஃப்ரெண்டை வாங்கி ஃப்ரை பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலா!