பாவம்... செய்தவருக்கா, பட்டவருக்கா?

"ஐயோ பாவம், காலையில இருந்து சாப்பிடல அந்தப் பொண்ணு."

"பச்சப் புள்ளையப் போட்டு அடிக்காதடா, பாவம்!"

"ஊரான் காசு நமக்கு எதுக்கு? அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் இந்த மூன்றையும் கேட்டுவிடலாம். தமிழ் பேசும் எந்த ஊரிலும் கேட்கலாம். முதல் வாக்கியத்தில் 'பாவம்' என்பது பசித்தவள் மேல் வரும் இரக்கம். மூன்றாவதில் அது தப்புச் செய்தவர் மேல் ஒட்டும் கறை. நடுவில் இருக்கும் வாக்கியத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. அடி வாங்கும் பிள்ளையும் பாவம், அடிப்பதும் பாவம்.

போடி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கும். மலையாளத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். செய்த தீமைக்குப் 'பாபம்'. இரங்கத்தக்க ஆளுக்குப் 'பாவம்'. தமிழ்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

சித்திரகுப்தன் இல்லாவிட்டால்?

பாவம் என்பது மதத்தின் சொல். கணக்கு எழுத ஒரு சித்திரகுப்தன், தண்டிக்க ஒரு நரகம், கழிக்க ஒரு பரிகாரம் என ஒரு பெரிய ஏற்பாடே அதன் பின்னால் இருக்கிறது. சாமி இல்லை என்று சொல்கிற ஒருவருக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அப்படியானால் அவர் 'பாவம்' என்று சொல்வதற்குப் பொருள் உண்டா? 'குற்றம்', 'தப்பு' என்ற இரண்டு சொற்களே அவருக்குப் போதாதா?

வீட்டில் சாமி படமே இல்லாத பகுத்தறிவாளரும் தெருவில் அடிபட்ட நாயைப் பார்த்தால் "பாவம்" என்றுதான் சொல்கிறார். அது வெறும் பேச்சுப் பழக்கமா, அதற்குள் ஏதாவது இருக்கிறதா? இரண்டு பழைய கதைகளைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும்.

யாருக்கும் வலிக்காத பாவம்

முதல் கதை மலைக்கு அந்தப் பக்கம், வைக்கத்தில் நடந்தது. அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கக் கூடாது. நடந்தால் தீட்டு. 1924 மார்ச் 30 அன்று அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்ட பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். 1925-ல் கோயிலைச் சுற்றிய பெரும்பாலான தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. நடப்பதே பாவமாக இருந்த இடத்தில் கோயிலுக்குள்ளேயே போகும் உரிமை கிடைத்தது.

ஒரு கையெழுத்தில் மறைந்துபோகிற பாவம் எப்படிப்பட்ட பாவம்? அந்தத் தெருவில் ஒருவர் நடந்ததால் அடிபட்டவர் யார்? பசித்தவர் யார்? யாருமில்லை. உண்மையில் அங்கே 'ஐயோ பாவம்' என்று சொல்லத் தக்கவர்கள், நடக்கவிடாமல் தடுக்கப்பட்டவர்கள்தான். பாவ புண்ணியக் கணக்கு மனிதரை அடக்கி வைக்கவே உதவுகிறது என்று பெரியார் காலமெல்லாம் பேசியதற்கு இப்படிப்பட்ட 'பாவங்கள்' நல்ல சாட்சி. மதத்தை எடுத்துவிட்டால் இவற்றில் மிச்சம் எதுவும் இருக்காது.

திசை மாறிய சொல்

இரண்டாவது கதை மலைக்கு இந்தப் பக்கம். 1986-ல் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 'இந்தியா டுடே' இதழ் அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அப்போது தேனி தனி மாவட்டமாகவில்லை. எல்லாம் மதுரை மாவட்டம்தான். கள்ளிப்பால் என்ற சொல் நாடு முழுக்கத் தெரிந்தது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-ல் எடுத்த 'கருத்தம்மா' அந்தக் கொடுமையைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தேனி, மதுரை, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் வந்தது.

இந்த ஊர்களில் கோயில்களுக்குக் குறைவே இல்லை. சாமி பயமும் உண்டு, பாவம் என்ற சொல்லும் உண்டு. ஆனால் அந்தச் சொல் வேறு திசையில் திரும்பியிருந்தது. "பொட்டப் புள்ளையாப் பெத்த பாவி" என்று தாயைச் சொன்னார்கள். "பொண்ணாப் பொறந்தது பாவம்" என்று குழந்தையைச் சொன்னார்கள். வரதட்சணையும் செய்முறையும் கேட்டு நெருக்கியவர்களைப் பாவி என்று சொன்னவர்கள் குறைவு. மதம் இருந்தும் அந்தச் சொல் வேலை செய்யவில்லை. பட்டவரைப் பார்க்க வேண்டிய சொல், பட்டவர் மேலேயே பழியாக விழுந்துவிட்டது.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. ஒரு செயல் பாவமா என்று கேட்கும்போது, இதனால் 'ஐயோ பாவம்' என்று சொல்லும்படி ஆன ஆள் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆள் இருந்தால், கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாவம். ஆளே இல்லையென்றால், எந்த நூலில் எழுதியிருந்தாலும் யோசிக்க வேண்டும்.

சட்டம் போதாதா?

போடி ஏலக்காய்ச் சந்தையையே எடுத்துக்கொள்ளலாம். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே இருக்கிறது. வியாபாரிகள் மாதிரியைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். மாதிரி ஒன்று, மூட்டை வேறொன்று என்றால் அது மோசடி. பிடிபட்டால் நடவடிக்கை உண்டு. தராசில் தெரியாமல் தவறு நடந்தால் அது தப்பு, திருத்திக்கொள்ளலாம்.

ஆனால், மழையில் நனைந்துகொண்டே காய் எடுத்த பெண்ணிடம் "நேத்து அரை நாள்தானே வந்த?" என்று கணக்கைக் குறைத்துக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? அவளிடம் சீட்டு இல்லை. நாளைக்கும் வேலை வேண்டும். எதிர்த்துப் பேசமாட்டாள் என்று தெரிந்துதான் குறைக்கப்படுகிறது. சட்டம் அங்கே வந்து சேராது. 'தப்பு' என்ற சொல்லும் அதற்குப் பத்தாது, ஏனென்றால் அது தவறிப்போய் நடந்ததில்லை. திருப்பிக் கேட்க முடியாதவர் என்று தெரிந்தே ஒருவருக்குத் தீங்கு செய்வதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். அந்த இடத்தில் ஊர் 'பாவம்' என்கிறது.

மன்னிக்க வேண்டியவர் யார்?

மதம் இல்லாவிட்டால் பாவம் லேசாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூலியைக் குறைத்தவர் பக்தராக இருந்தால் உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க வழி உண்டு. நாத்திகருக்கு அந்த வழியும் இல்லை. கடன் யாரிடம் பட்டாரோ அவரிடம்தான் தீர்க்க வேண்டும்.

இதை மதங்களே சொல்லியிருக்கின்றன. பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். மகன் தேரில் கன்று அடிபட்டு இறந்தபோது, சாத்திரப்படி பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அந்தப் பரிகாரம் பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா என்று கேட்கிறான் சோழன். அவன் கண் பசுவின் மேல் இருந்தது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரனிடம் முதலில் போய்ச் சமாதானம் ஆகச் சொல்கிறது பைபிள். மனிதருக்குச் செய்த அநீதியை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும் என்கிறது இஸ்லாம். வழிபாட்டு முறைகள் வேறு வேறாக இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் பக்தரும் நாத்திகரும் ஒன்றாக நிற்க முடியும்.

கேட்க ஆளே இல்லாதபோது...

"பாவம் பண்ணினவன் நல்லாத்தானே இருக்கான்?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உண்மைதான். பாவத்துக் காசு ஒட்டாது என்பார்கள். பல வீடுகளில் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. மறுபிறவியில் கணக்குத் தீரும் என்று மதம் ஆறுதல் சொல்லும். மதம் இல்லாதவரிடம் அந்த ஆறுதல் கிடையாது. தண்டனை வரும் என்பதற்காக அவர் தீமையை விலக்க முடியாது. எதிரில் இருக்கும் ஆளுக்காகத்தான் விலக்க வேண்டும்.

பட்டவர் இறந்துபோயிருந்தால் நிலைமை இன்னும் கடினம். கள்ளிப்பாலில் போன குழந்தைகளிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது? 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட், நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவிடத்தில் வார்சா நகரில் மண்டியிட்டார். அவர் நாஜி இல்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நார்வேக்குத் தப்பிப் போனவர். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லாது. அது வழிபாட்டு இடமும் இல்லை. இருந்தாலும் தன் நாடு செய்ததைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். இறந்தவர்கள் எழுந்து வந்து மன்னிக்கப்போவதில்லை என்று தெரிந்தே அதைச் செய்தார்.

கொல்லப்பட்ட பெண் குழந்தைகளுக்குத் தேனிச் சீமை இனி எதையும் திருப்பித் தர முடியாது. ஆனால் இன்றைக்குப் பிறக்கிற பெண் குழந்தை இருக்கிறாள். அவள் பிறந்த வீட்டில் முகம் சுளிக்காமல் இருக்கலாம். அண்ணனுக்குப் போட்ட அளவு அவளுக்கும் சோறு போடலாம். பன்னிரண்டாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்காமல் கல்லூரிக்கு அனுப்பலாம். அவளைப் பார்த்து யாரும் "பாவம்" என்று சொல்ல வேண்டியிராத ஒரு நாளை உண்டாக்கச் சாமி கும்பிடுகிறவராலும் முடியும், கும்பிடாதவராலும் முடியும்.