நாலும் எட்டும்

அளவால் வேறுபட்ட இரண்டு பொருள்களை இணைத்துப் பயன்கொள்ளலாமா? இவ்வினாவிற்கு இலக்கண நூலார் என்றோ விடை கண்டனர். ஈரெழுத்துச் சொல்லும் ஐந்தெழுத்துச் சொல்லும் புணர்வதற்குத் தடை யாதும் இல்லை. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதனையே அவர்கள் நோக்கினர். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு இவ்விதிகளைப் போதித்த யான், அவற்றின் உட்பொருளை ஒரு கணினியின் முன் அமர்ந்து மீண்டும் கற்க நேர்ந்தது. அதனை உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

என் இல்லம் திருவொற்றியூரில் உள்ளது. சரக்குப் பெட்டிகளைச் சுமந்து துறைமுகம் நோக்கி இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் லாரிகளின் ஓசையும், கீழ்த்திசையிலிருந்து வீசும் உப்புக் காற்றும் எங்கட்குப் பழகியவை. ஆனால் அக்காற்று ஏட்டிற்கும் தாளிற்கும் பகையாகும். என் ஆசிரியர் தம் இறுதிக் காலத்தில் எனக்கு அளித்த நான்கு குறிப்பேடுகள், ஓரங்கள் உதிர்ந்து, மை மங்கி அழியத் தொடங்கின. நன்னூற் பாடம் சொல்லுங்கால் அவர் தம் கைப்பட எழுதி வைத்த விளக்கங்கள் அவை. அச்சேறாதவை; வேறு படியும் இல்லாதவை. அவற்றை முழுதும் கணினியில் ஏற்றிவிடுதல் என் கடன் எனக் கொண்டேன்.

என் மகன் பணியின் பொருட்டு வெளியூர் சென்றபோது விட்டுச் சென்ற மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதன் நினைவகம் 4 ஜிகாபைட் அளவினது. நினைவகம் என்பது, கடைவீதியில் ‘ரேம்’ என வழங்கும் சிறு தகடு. கணினி அப்போதைக்கப்போது எடுத்தாளும் செய்திகளை அதில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை யாவும் மறையும். முழுத்தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளியாக வண்ணப்படம் எடுத்தால், அது விரிந்த நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட் இடங்கொள்ளும். அத்தகைய படங்கள் பலவற்றை ஒருங்கே திறந்து ஒப்பிட்டு எழுதப் புகுந்தபோது, கணினி மேடேறும் வண்டிபோல் திணறிற்று. ஒரு நாள் மாலை அது முற்றும் நின்றுவிட, சேமியாத ஆறு பக்கங்களை இழந்தேன்.

மறுநாள் மெட்ரோ இரயிலில் அரசினர் தோட்டம் சென்றிறங்கி, மின்னணுப் பொருள்கட்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவை அடைந்தேன். பழைய 8 ஜிகாபைட் தகடு ஒன்றை மலிவாகக் கிடைத்ததெனக் களிப்புடன் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து பொருத்த முயன்றேன், அது பொருந்தவில்லை. இன்னும் சற்று வலிந்து அழுத்தலாமா என எண்ணிய வேளையில், அடுத்த வீட்டு மாணவி உள்ளே வந்தாள். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவரின் மகள். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்பவள்.

“ஐயா, அழுத்தாதீர்கள்! வெட்டு இடம் மாறியிருக்கிறது பாருங்கள். இது டி.டி.ஆர். 3, உங்கள் கணினிக்கு வேண்டியது டி.டி.ஆர். 4” என்றாள்.

முன்னதற்கு 240 இணைப்புகள், பின்னதற்கு 288, முன்னதற்கு 1.5 வோல்ட் மின்னழுத்தம், பின்னதற்கு 1.2 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை யாரும் தவறிச் செருகாதிருக்கவே வெட்டின் இடத்தை மாற்றி அமைத்துள்ளனர். அதனை உணராது வலிந்திருப்பின் தாய்ப்பலகையே பழுதுற்றிருக்கும். கேளாமல் வாங்கிய பிழை என்னுடையது. சிறிது பொருள் இழந்து தகட்டை மாற்றி வந்தேன்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. “அம்மா, ஒன்று நாலு, மற்றொன்று எட்டு. அளவு ஒவ்வாத இவை ஒத்து இயங்குமா?” என வினவினேன்.

அவள் தன் தந்தையின் தொழிலிலிருந்தே உவமை காட்டினாள். “துறைமுகத்தில் இரண்டு கிடங்குகள் இருப்பதாகக் கொள்ளுங்கள், ஐயா. ஒன்று நாலாயிரம் மூட்டை கொள்ளும். மற்றொன்று எட்டாயிரம் கொள்ளும். ஒவ்வொன்றிற்கும் தனித்தனிச் சாலை. இரண்டிலும் மூட்டைகளை மாறிமாறி அடுக்கினால் இரு சாலைகளிலும் ஒரே வேளையில் லாரிகள் ஓடும்; வேலை விரைந்து முடியும். சிறிய கிடங்கு நிரம்பியபின் எஞ்சிய நாலாயிரம் மூட்டைக்கு ஒரே சாலைதான். அவ்வளவே வேறுபாடு.”

கணினியில் அச்சாலை ஒவ்வொன்றும் 64 பிட் அகலமுடையது; இரண்டும் சேர்ந்தால் 128 பிட். பெரிய தகட்டின் நாலு சிறிய தகட்டின் நாலுடன் இணைந்து விரைவாக இயங்கும். எஞ்சிய நாலு தனித்து இயங்கும். இன்டெல் நிறுவனம் இதனை ‘ஃபிளெக்ஸ்’ முறை எனப் பெயரிட்டுள்ளது. இனி, விரைவிலும் அவை வேறுபட்டன: பழையது 2400, புதியது 2666. ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளுள் மெல்ல நடப்பதன் நடையே இரண்டிற்கும் நடையாவதுபோல், இரண்டும் 2400 என்னும் விரைவிலேயே இயங்கின.

மின் இணைப்பை அகற்றி, உடலில் தேங்கிய மின்னேற்றம் தகட்டைத் தாக்காதபடி பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, அவள் தகடுகளைச் செருகினாள். திரையில் 12 ஜிகாபைட் எனத் தோன்றியது. யான் உடனே எழுத அமர்ந்தேன். அவளோ தடுத்தாள்: “வெவ்வேறு தகடுகள் சில வேளை ஒத்துப்போகா. இணையாகவே விற்பவை ஒன்றாகச் சோதித்துத் தரப்படுபவை. இவை அப்படி அல்ல. இரவு முழுவதும் சோதித்துப் பார்த்துவிடுவோம்.”

காலையில் திரை பிழை காட்டியது. “புதியதன் குற்றம்” என்றேன். அவள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாள். புதியது பிழையற்றிருந்தது, குற்றம் என் பழைய தகட்டில் இருந்தது! உப்புக் காற்றால் அதன் பொன்னிறப் பட்டைகளில் மாசு படர்ந்திருந்தது. அழிப்பானால் மெல்லத் துடைத்து மீளச் செருகியபின், அடுத்த இரவுச் சோதனையில் பிழை இல்லை.

இச்சிறு பிழையால் விளையும் கேடு யாது? கணினியில் தமிழெழுத்துகட்கு ஒருங்குறி முறையில் எண்கள் உண்டு. ரகரத்திற்கு 2992, றகரத்திற்கு 2993. லகரத்திற்கு 2994, ளகரத்திற்கு 2995. இணைக்குள் வேறுபாடு ஒரே ஒரு பிட். அந்த ஒன்று புரண்டால் ‘அறம்’ இரும்பு தேய்க்கும் ‘அரம்’ ஆகும்; ‘புலி’ மரத்தில் காய்க்கும் ‘புளி’ ஆகும். கணினி நின்றுபோனால் நாம் அறிவோம். எழுத்து ஒன்று ஓசையின்றி மாறினால் அறியோம். நெஞ்சம் நடுங்க, முன்னர் எழுதிய பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டேன். மூன்று இடங்களில் ரகர றகரம் பிறழ்ந்திருந்தன. என் விரல் செய்ததோ, தகடு செய்ததோ! எதுவாயினும், ஒப்புநோக்காமல் விட்டிருப்பின் அவை என் ஆசிரியர் பிழைகளாகவே பிற்காலத்தாரிடம் சென்றிருக்கும்.

இன்று இரண்டு குறிப்பேடுகள் முடிந்தன, மூன்றாவது நடைபெறுகின்றது. நாள்தோறும் எழுதியதை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைக்கின்றேன். அம்மாணவி மாலையில் வந்து மூலத்தைப் படிக்க, யான் திரையைச் சரிபார்க்கின்றேன். படிக்கும்போதே அவள் புணர்ச்சி விதிகளையும் கற்கின்றாள்.

மாணவர்களே! அளவின் வேற்றுமை இணைதற்குத் தடையன்று. அமைப்பின் வேற்றுமையை வலிந்து இணைத்தல் கேடாகும். இரண்டனுள் எது நேர்ந்துள்ளது என அறிந்து செயற்படுங்கள். இணைத்தபின் சோதியுங்கள். சோதிக்குங்கால், குற்றம் புதியவரிடமே இருக்கும் என முன்னரே முடிவு செய்யாதீர்கள்.